கோவா உரிமைப் பூசலும் கத்தோலிக்கப் போர் அறமும்

கோவா, டாமன், டையூ ஆகிய பகுதிகள் யாருக்குரியவை என்று இந்தியாவுக்கும் போர்த்துகலுக்கும் இடையே 1947 முதல் நிலவிய பூசல், 1961 டிசம்பரில் போராக மூண்டது. ஆண்ட நாடு தன்னைக் கத்தோலிக்க நாடாக முன்னிறுத்தியதால், நில உரிமையையும் போருக்கான பொறுப்பையும் கத்தோலிக்க அறத்தின்படி எடைபோட வேண்டிய நிலை எழுந்தது.

உரிமையின் வேர்

திருத்தந்தை 5-ஆம் நிக்கோலாஸ் 1455-இல் வெளியிட்ட ஆணை மடல், போர்த்துகீசியர் கைப்பற்றும் நிலங்களுக்கு ஒப்புதல் தந்தது. 1510-இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் பிஜாப்பூர் சுல்தானிடமிருந்து கோவாவைப் பிடித்தார். ஆயர் நியமனத்தில் போர்த்துகல் அரசருக்குப் பங்கு அளித்த பதுரவாதோ முறை மயிலாப்பூர் மறைமாவட்டம் வரை நீண்டது. 1950-இல் வத்திக்கானும் போர்த்துகலும் செய்த உடன்பாட்டால் அம்முறை அங்கு முடிவுக்கு வந்தது.

இந்த நில உரிமைக்கு மறுப்பும் திருச்சபைக்குள்ளிருந்தே வந்தது. அமெரிக்கப் பழங்குடிகளை முன்வைத்து 1539-இல் சலமான்கா பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தே விட்டோரியா, திருத்தந்தை உலக நிலங்களுக்கு உடைமையாளர் அல்லர், வேற்று மதத்தவர் என்பதால் எவரும் தம் நிலத்தை இழப்பதில்லை, ஆட்சிப் பரப்பைப் பெருக்குவது போருக்கு நியாயமாகாது என்று நிறுவினார்.

பூசல் முற்றியது

போர்த்துகல் 1951-இல் தன் குடியேற்றங்களைக் 'கடல்கடந்த மாகாணங்கள்' என்று பெயர் மாற்றி, கோவாவின் இறையாண்மை குறித்துப் பேசவே மறுத்தது. கிறிஸ்தவப் பண்பாட்டைக் காப்பதாகப் பிரதமர் சலசார் வாதிட்டார். ஆனால் கோவா விடுதலை இயக்கத்தின் முன்னோடி டி. பி. குன்ஹாவே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1955 ஜூலையில் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதரைச் சந்தித்த இந்தியப் பிரதமர் நேரு, கோவா அரசியல் சிக்கலே, சமயச் சிக்கல் அன்று என்பதைத் திருத்தந்தையும் ஏற்றதாகத் தெரிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, ஆயுதமின்றி எல்லை கடந்த சத்தியாகிரகிகள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1961 டிசம்பர் 17 இரவு தொடங்கிய இந்திய ராணுவ நடவடிக்கை 19 அன்று முடிந்தது. இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 50 பேர் இறந்தனர். போர்நிறுத்தம் கோரிய ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானத்தைச் சோவியத் ஒன்றியம் தன் தடை அதிகாரத்தால் முறியடித்தது.

பொறுப்பு

புனித தாமஸ் அக்குவினாஸ் போருக்கு முறையான அதிகாரம், நேரிய காரணம், நல்ல நோக்கம் ஆகிய மூன்றையும் கேட்டார். வேறு வழியின்மை, வெற்றி வாய்ப்பு, அழிவின் அளவு ஆகியவை பின்னர் வலியுறுத்தப்பட்டன. முதலில் படை நகர்த்திய இந்தியா, வேறு வழியே இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. பேச்சின் வாயிலை அடைத்த பொறுப்பு லிஸ்பனுடையது. வெல்ல வாய்ப்பே இல்லாத நிலையில் இறுதி வரை போரிடுமாறு சலசார் இட்ட ஆணை இந்த அறத்துக்கு முற்றிலும் முரணானது. அதை மீறிச் சரணடைந்து பல உயிர்களைக் காத்த ஆளுநர் வசாலோ இ சில்வா ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார். போர்த்துகலில் நடந்த 1974 புரட்சிக்குப் பின்னரே அவருக்கு மதிப்பு மீண்டது.

பின்விளைவு

திருத்தந்தை 23-ஆம் யோவான் 1963-இல் வெளியிட்ட 'அவனியில் அமைதி' சுற்றுமடல், எந்த இனமும் வேற்று ஆட்சிக்குக் கீழ்ப்பட்டிருக்க விரும்புவதில்லை என்று எடுத்துரைத்தது. கோவா மீதான இந்திய இறையாண்மையைப் போர்த்துகல் 1974 டிசம்பர் 31 அன்று உடன்படிக்கை வழியே ஏற்றது. பேச்சால் தீர்ந்திருக்கக்கூடிய பூசலில் உயிர்கள் பலியாயின. முதல் குண்டைச் சுட்டவரோடு, பேசவே மறுத்தவரும் அந்தப் பலிக்குப் பொறுப்பேற்க வேண்டும்.