ஒரே டிக்கெட், பல ஊர்: பனிச்சறுக்கு பாஸும் கன்னியாகுமரி ரயிலும்

பனியே விழாத ஊரில் இருப்பவர்களுக்கு பனிச்சறுக்கு பாஸைப் பற்றி என்ன கவலை என்று தோன்றலாம். ஆனால் அந்த பாஸுக்குப் பின்னால் இருக்கும் வியாபாரக் கணக்கு நாகர்கோவில் ஜங்ஷனில் நிற்கும் பயணிக்கும் சம்பந்தப்பட்டதுதான். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அமெரிக்கக் கதை. 2008 மார்ச் மாதத்தில் வெயில் ரிசார்ட்ஸ் என்ற நிறுவனம் 'எபிக் பாஸ்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 579 டாலர். குளிர்காலம் முழுவதும் அந்த நிறுவனத்தின் ஐந்தாறு மலைகளில் எதில் வேண்டுமானாலும், எத்தனை நாள் வேண்டுமானாலும் சறுக்கலாம். அதற்கு முன்பு வெயில் மலைக்கான சீசன் பாஸே 1,500 டாலருக்கு மேல் இருந்தது. 2018-இல் 'ஐகான் பாஸ்' என்று ஒரு போட்டி பாஸும் வந்தது. அங்கே பனிச்சறுக்குப் பிரியர்கள் இந்த பாஸை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள். எந்த மலைக்கு முதலில் போவது, எந்த ஊரில் தங்குவது, கூட்டம் அதிகமான விடுமுறை நாட்களை எப்படித் தவிர்ப்பது என்று பெரிய பட்டியலே தயாராகிறது.

விலையை இவ்வளவு குறைத்து நிறுவனத்துக்கு என்ன லாபம்? இங்கேதான் வணிகவியல் பாடம் வருகிறது. இந்த பாஸ் வசந்த காலம் தொடங்கி இலையுதிர் காலம் வரை, அதாவது பனி விழுவதற்கு முன்பே விற்கப்படுகிறது. பணம் முதலில், சேவை பிறகு. கணக்குப் புத்தகத்தில் இது வருமானம் இல்லை, 'முன்கூட்டியே பெற்ற வருமானம்' என்று பொறுப்புகள் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் ரொக்கம் கைக்கு வந்துவிட்டது! அந்த ஆண்டு பனி சரியாக விழவில்லை என்றால், தினசரி டிக்கெட்டை நம்பியிருக்கும் மலைக்காரருக்குத் தலைவலி. பாஸ் விற்றவருக்கு அவ்வளவு இல்லை. பனி விழாத அபாயத்தில் பெரும்பங்கை பாஸ் வாங்கியவர் சுமக்கிறார்.

இது 2020 மார்ச்சில் கொரோனாவால் மலைகள் மூடப்பட்டபோது வெளிச்சத்துக்கு வந்தது. பாஸ் வைத்திருந்தவர்களுக்கு ரொக்கத்தைத் திருப்பித் தராமல், அடுத்த ஆண்டு பாஸ் விலையில் கழிவு தருவதாகச் சொன்னது நிறுவனம். வாடிக்கையாளர்கள் சும்மா இருக்கவில்லை. அதன் பிறகே இப்படி மூடப்படும் நாட்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் ஒரு காப்பு ஏற்பாடு பாஸோடு சேர்க்கப்பட்டது.

பழைய யோசனைதான்

ஒரு டிக்கெட்டில் பல இடம் என்பது 2008-இல் பிறந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு சுமார் 500 பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துப்போன தாமஸ் குக், பிற்காலத்தில் பல ஊர்களைச் சுற்றிவரும் டிக்கெட்டுகளை விற்றே பெரிய ஆளானார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்காக 1959-இல் யூரெயில் பாஸ் வந்தது. ஐரோப்பிய இளைஞர்களுக்காக 1972-இல் இன்டர்ரெயில் வந்தது.

இந்திய ரயில்வேயும் வெளிநாட்டினருக்காகவும் வெளிநாடு வாழ் இந்தியருக்காகவும் 'இண்ட்ரெயில் பாஸ்' விற்றது. அரை நாள் முதல் 90 நாள் வரை செல்லும். 2017-இல் அது நிறுத்தப்பட்டது. உள்நாட்டுப் பயணிக்கு இருப்பது வேறு ஒன்று. அதன் பெயர் சர்குலர் டிக்கெட், தமிழில் சுற்றுப்பயணச் சீட்டு. பலருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கடைசி ஸ்டேஷனின் கதை

நாஞ்சில் நாட்டுக்கு ரயில் வந்ததே மிகத் தாமதம். திருநெல்வேலிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. திருவனந்தபுரத்துக்கு 1918-இல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த நாகர்கோவில்காரர்கள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பஸ் ஏறிப் போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் இதே நிலைதான். 1972-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதை திறக்கப்பட்டது. 1981 ஏப்ரலில் நாகர்கோவில் - திருநெல்வேலி பாதையும் வந்தது. அதாவது திருநெல்வேலிக்கு ரயில் வந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு!

அதற்குப் பின் வேகம் பிடித்தது. 1984-இல் கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவுக்கு ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. ஹிம் என்றால் பனி, சாகர் என்றால் கடல். இன்று அது கட்ரா வரை போகிறது. தூரம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல்.

இந்த மாவட்டத்தில் சீசன் டிக்கெட் என்றால் எல்லோருக்கும் தெரியும். திருவனந்தபுரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் தினமும் போய்வருபவர்களின் சட்டைப்பையில் இருப்பது அது. ஆனால் அது ஒரே பாதைக்கானது, அதிகபட்சம் 150 கிலோமீட்டர். சர்குலர் டிக்கெட் இதற்கு நேர்மாறு. புறப்பட்ட ஸ்டேஷனிலேயே வந்து முடிய வேண்டும். நடுவில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். சாதாரண டிக்கெட்டில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் போனாலும் இரண்டு முறைதான் இப்படி இறங்கித் தங்க முடியும்.

கணக்கு எங்கே லாபமாகிறது?

ரயில் கட்டணத்தில் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான விலை குறையும். முதல் நூறு கிலோமீட்டருக்குக் கொடுக்கும் பணம், 2,000 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு வரும் நூறு கிலோமீட்டருக்கு ஆகாது. ஊர் ஊராகத் தனித்தனி டிக்கெட் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அந்த விலை கூடிய முதல் நூறிலிருந்து தொடங்க வேண்டும். சர்குலர் டிக்கெட்டில் மொத்தச் சுற்றுத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு நீண்ட ஒற்றைப் பயணங்களாகக் கட்டணம் போடுகிறார்கள். சுற்று 6,000 கிலோமீட்டர் என்றால் இரண்டு 3,000 கிலோமீட்டர் டிக்கெட்டின் விலைதான்.

ஓர் உதாரணம். கன்னியாகுமரியில் ஏறி மங்களூர், மட்காவ், மும்பை, டில்லி. திரும்பும்போது ஆக்ரா, நாக்பூர், சென்னை, மதுரை. எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு இடம். மேற்குக் கரை வழியே ஏறி நடுநாட்டு வழியே இறங்கலாம். 1998-இல் கொங்கண் ரயில் பாதை முழுமையானதால்தான் இந்தச் சுற்று இவ்வளவு சுலபமானது. பனியும் பார்க்க வேண்டும் என்றால் டில்லியிலிருந்து தனி டிக்கெட்டில் காஷ்மீர் போய்வரலாம். 2025 ஜூனில் கட்ரா - ஸ்ரீநகர் ரயில் தொடங்கிவிட்டது. ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் குல்மார்க். 1927-லேயே பனிச்சறுக்கு கிளப் தொடங்கிய இடம். டிசம்பர் முதல் மார்ச் வரை போனால் சறுக்கலாம். ஆனால் குல்மார்க், ஔலி, சோலாங் மூன்றும் மூன்று வெவ்வேறு நிர்வாகங்களின் கீழ் இருக்கின்றன. எபிக் பாஸ் போல எல்லா மலைக்கும் ஒரே சீட்டு என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

திட்டமிடுவதில் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிவராத்திரிக்கு திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்தில் 12 கோயில்களை வரிசை மாறாமல், குறித்த நேரத்துக்குள் ஓடி முடிப்பவர்கள் இவர்கள்!

அப்படியானால் ஏன் யாரும் வாங்குவதில்லை?

இதை இணையத்தில் சொடுக்கி வாங்க முடியாது. போக வேண்டிய பாதையை எழுதி கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும். கன்னியாகுமரி மாவட்ட ரயில் நிலையங்களுக்கு அந்தக் கோட்டம் திருவனந்தபுரம். பிறகு ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் கவுண்டரில் தனியாக ரிசர்வேஷன் செய்ய வேண்டும். 2002-இல் ஐ.ஆர்.சி.டி.சி. தளம் வந்த பிறகு, வீட்டிலிருந்தே தனித்தனி டிக்கெட் எடுப்பது பழகிவிட்டது. கூடுதலாகச் செலவாகிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொரு அடியும் விழுந்தது. காசி, ஹரித்வார் என்று நிதானமாகச் சுற்றக் கூடியவர்கள் ஓய்வு பெற்ற பெரியவர்கள்தான். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

பனிச்சறுக்கு பாஸ் விற்கிறவர் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்கிறார், ஏனென்றால் முன்பணம் அவருக்கு வேண்டும். சர்குலர் டிக்கெட்டால் பலன் முழுக்கப் பயணிக்கு. அதனால் அதற்கு விளம்பரமும் இல்லை, எளிமையான வழியும் இல்லை. தூரம் கூடினால் லாபம் கூடும் என்பதால், நாட்டின் கடைசி முனையில் இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும். நூறு ஆண்டுகள் ரயிலுக்காகக் காத்திருந்த ஊர் அது. இந்தச் சீட்டை இணையத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் முதல் உரிமை அந்த ஊருக்கு இருக்கிறது. அதுவரை, வீட்டில் பெரியவர்கள் காசிக்குக் கிளம்பினால், தனித்தனியாக டிக்கெட் போடுவதற்கு முன் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.