சுங்கம் தவிர்த்த சோழன் முதல் ஃபாஸ்டேக் வரை

சித்தன்னவாசல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தாமரைக்குள ஓவியம்தான். அதே குன்றில் ஏழடிப்பாட்டம் என்ற குகையில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் உள்ளது. எருமைநாட்டில் பிறந்த ஒருவருக்குக் கல்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பது ஆய்வாளர்கள் கருத்து. அவ்வளவு தொலைவிலிருந்து ஆட்கள் வந்து தங்கும் அளவுக்கு அந்தக் காலத்திலேயே இங்கே வழிகள் இருந்திருக்கின்றன. வழி இருந்தால் வண்டி வரும், வண்டி வந்தால் பின்னாலேயே வரியும் வரும்!

உல்கு என்னும் பழைய வரி

சுங்கத்துக்குப் பழந்தமிழில் 'உல்கு' என்று பெயர். அரசனுக்கு உரிய வருமானங்களில் ஒன்றாகத் திருக்குறள் இதைச் சொல்கிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும் பெருவழியில் உல்கு வாங்கியதையும், அந்த வழிக்கு வில்வீரர்கள் காவல் இருந்ததையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வணிகன் காசு கொடுத்தான், அரசன் பாதுகாப்புக் கொடுத்தான். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

சித்தன்னவாசலுக்கு மேற்கே உள்ள கொடும்பாளூர் அப்படிப்பட்ட ஒரு பெருவழி ஊர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழியில் இந்த ஊர் வருகிறது. மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவும் பிற்காலத்தில் இங்கே இருந்தது.

ஒரு மன்னன், ஒரு பட்டப்பெயர்

முதலாம் குலோத்துங்க சோழன் (1070–1122) சுங்கத்தை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். மன்னர்கள் பொதுவாகப் போரில் வென்ற ஊர்களின் பெயரால்தான் பட்டம் சூடுவார்கள். ஒரு வரியை விட்டுக்கொடுத்ததற்காக ஒரு பட்டம் நிலைத்தது என்றால், அந்த வரி மக்களை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1844: இரண்டு நாடுகள், ஒரே ஆண்டு

ஆங்கிலேயர் ஆட்சியிலும் உள்நாட்டுச் சரக்குகளுக்கு வழியெங்கும் சுங்கச் சாவடிகள் இருந்தன. வங்காளத்தில் இந்தச் சுங்கம் வணிகத்துக்குச் செய்த கெடுதலை 1834-இல் சார்லஸ் ட்ரெவெல்யன் அறிக்கையாக எழுதினார். சென்னை மாகாணத்தில் 1844-ஆம் ஆண்டின் 6-ஆவது சட்டம் உள்நாட்டுச் சுங்கத்தை நீக்கியது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். 1948-இல்தான் அது சென்னை மாகாணத்தோடு இணைந்தது.

அதே காலத்தில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் விவசாயிகள் பெண் வேடமிட்டு இரவில் சுங்கச் சாவடிகளை உடைத்தார்கள் (1839–1843). 'ரெபெக்கா கலகம்' என்பது அதன் பெயர். அங்கேயும் 1844-இல்தான் சட்டம் போட்டு சுமையைக் குறைத்தார்கள்.

இன்றைய கணக்கு

இன்று திருச்சி–காரைக்குடி சாலையில் லெட்சுமணப்பட்டி, லெம்பலக்குடி, திருச்சி–மதுரை சாலையில் பூதகுடி என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் சுங்கச் சாவடிகள் உள்ளன. தினமும் காரில் வேலைக்குப் போகிறவர் மிச்சம் பிடிக்க என்ன வழி? 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளிலேயே பதில் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, ஒரு முறை கடக்க 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள், போக வர 50 முறை.

- ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கட்டினால்: 3,000 ரூபாய்
- 24 மணி நேரத்துக்குள் திரும்பும் கட்டணம் (ஒன்றரை மடங்கு): 2,250 ரூபாய்
- 50 பயணத்துக்கான மாதாந்திரப் பாஸ் (மூன்றில் இரண்டு பங்கு): 2,000 ரூபாய்

சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் வசிப்பவரின் சொந்த வண்டிக்கு இன்னும் மலிவான உள்ளூர் பாஸ் உண்டு. ஆனால் அங்கே சர்வீஸ் ரோடோ மாற்றுவழியோ இருந்தால் அது கிடையாது. 2025 ஆகஸ்ட் 15-இல் ஃபாஸ்டேக் வருடாந்திரப் பாஸ் வந்தது. அறிமுக விலை 3,000 ரூபாய். 200 முறை அல்லது ஓராண்டு, எது முந்தியோ அதுவரை. அந்த விலையில் ஒரு முறைக்கு 15 ரூபாய்தான் ஆனது. அந்தக் கணக்கில் மேலே சொன்னவருக்கு மாதம் 750 ரூபாயில் முடிந்துவிடும். மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் இது செல்லாது.

மிச்சம் யாருக்கு?

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வருடாந்திரப் பாஸ் சொந்தக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும்தான். காய்கறி ஏற்றிப் போகும் சின்ன லாரிக்குக் கிடையாது. அந்த லாரி கட்டும் சுங்கம் கடைசியில் காயின் விலையில் ஏறி, வண்டியே இல்லாதவர் பைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

குலோத்துங்கன் தவிர்த்த சுங்கம் சரக்கின் மேல் விழுந்த சுங்கம். 1844-இல் நீங்கியதும் அதுவேதான். இன்றைய சலுகையோ கார் வைத்திருப்பவரோடு நின்றுவிடுகிறது. சாலை போடப் பணம் வேண்டும் என்பது உண்மைதான். அதில் யாருக்குத் தள்ளுபடி என்று முடிவு செய்யும்போது அந்தக் காய்கறி லாரியையும் கணக்கில் சேர்த்தால், பலன் சந்தைக்குப் பையோடு நடந்து வருகிறவர் வரை போய்ச் சேரும்.