கல்லூரிக்கு லேப்டாப்: முதலில் எடையைப் பாருங்கள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். இன்று சொந்தப் பணத்தில் வாங்கும் பெற்றோருக்கோ, பிள்ளை கேட்கும் 'கேமிங் லேப்டாப்' அவசியமா என்ற தயக்கம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெரிசலில் நின்றபடி போகும் பிள்ளைக்கு எடைதான் முதல் கேள்வி. கேமிங் லேப்டாப் பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டும். சார்ஜர் தனிச் சுமை. 14 அங்குலத் திரை கொண்டவை 1.5 கிலோ அளவில் கிடைக்கின்றன. டைப்-சி சார்ஜிங் இருந்தால் இன்னும் நல்லது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே மைன்கிராஃப்ட், வேலரன்ட் போன்றவற்றைக் குறைந்த செட்டிங்கில் ஆடலாம். ஆனால் பிராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸ், ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் 16 ஜிபி ஒரே துண்டாக இருப்பதைவிட 8+8 என இரண்டாக இருந்தால் கேம் வேகமாக ஓடும். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, காலி ஸ்லாட் உண்டா என்று கடையில் கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் மட்டும் தனி கார்டு தேவைப்படுமா என்று துறையில் விசாரித்துவிட்டு வாங்கட்டும்.

பில் போடும்போதும் கவனம் தேவை. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் வட்டி உண்டு. அந்தத் தொகை விலையில் தள்ளுபடியாகக் கழிகிறது, அவ்வளவுதான். கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியும் சேரும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. வட்டியைத் தவிர்க்க விரும்புவோர், முந்தைய ஆண்டு மாடலை வாரண்டியோடு ரொக்கத்துக்கு வாங்கலாம்.