பண்டிகைக் காலத்து வஞ்சகம்: ஒரு சரித்திரக் குறிப்பு

தீபாவளியும் பொங்கலும் நெருங்குங்கால் நம் பெருங்களத்தூரின் தோற்றமே வேறாகிவிடும் என்பது நம்மவர் யாவரும் அறிந்ததே. 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்படும் வரையில், தென் ஜில்லாக்களுக்குச் செல்லும் ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஜி.எஸ்.டி. ரஸ்தாவின் ஓரத்திலே இரவு நெடுநேரம் காத்து நிற்பது இவ்வூரின் பண்டிகைக் காட்சியாக இருந்தது. கூட்டம் உள்ள இடத்தில் முடிச்சுமாறியும் உண்டு. ஆயினும் அவன் நம் அருகில் வந்தாலன்றி நம் பணத்தைத் தொட இயலாது. இக்காலத்து வஞ்சகனோ முகங்காட்டாமல், கைப்பேசியின் வழியே வீட்டுக் கூடத்திற்குள் நுழைந்து, ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டுபோகிறான். இது முற்றிலும் புதிய தீமை என்று பலர் எண்ணுகின்றனர். சரித்திரத்தை நோக்கின் அஃது அவ்வாறன்று என்பது விளங்கும்.

காணாத வியாபாரியிடம் காணாத சரக்கை வாங்கும் வழக்கம் நம் தேசத்தில் தபாலோடு பரவியது. 1877-ஆம் வருஷத்தில் ‘வி.பி.’ தபால் முறை ஏற்பட்டது. தபாற்காரரிடம் விலையைக் கொடுத்த பின்னரே பார்சலைப் பிரிக்கலாம். அப்பணம் தபாலாபீஸ் மூலம் அனுப்பியவனைச் சென்றடையும். நேர்மையான வியாபாரிகளுக்கு இம்முறை பேருதவியாயிற்று. வஞ்சகருக்கும் வழி திறந்தது. ஆகவே 1898-ஆம் வருஷத்துத் தபாலாபீஸ் சட்டத்தில் இரண்டு காவல்கள் அமைந்தன. பெறுபவர் உண்மையாகவே கேட்டதன்பேரில்தான் பார்சல் அனுப்பப்படுகிறது என்று அனுப்புவோன் உறுதி கூறவேண்டும் என்பது ஒன்று. மோசடி நேர்ந்தவிடத்துப் பணத்தை நிறுத்தி வைத்து, கொடுத்தவருக்கே திருப்பித் தர விதி செய்யலாம் என்பது மற்றொன்று. அச்சட்டம் 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நீங்கிப் புதுச் சட்டம் வந்துவிட்டது. எனினும் அதன் கருத்து நாம் மறக்கத்தக்கதன்று: பணம் வஞ்சகன் கைக்குப் போய்ச் சேருமுன் இடையில் ஒரு தாமதம் இருந்தது, அந்தத் தாமதமே ஜனங்களுக்குக் காப்பாக நின்றது.

இனி, பெயரை நம்பிக் கெட்ட கதையையும் நோக்குவோம். சென்னையில் நெடுங்காலம் புகழுடன் விளங்கிய அர்பத்நாட் கம்பெனி, 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 22-ந் தேதி பணங்கொடுப்பதை நிறுத்திவிட்டது. பென்ஷன்காரர், கைம்பெண்கள், உத்தியோகஸ்தர் எனப் பலதிறத்தாரின் பணம் அதில் முழுகிற்று. கம்பெனியின் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அவருக்குத் தண்டனை கிடைத்ததேயன்றி, போட்டவர் பணம் முழுவதும் திரும்பவில்லை. கணக்கைக் கேட்டுப் பாராமல் கட்டடத்தின் கம்பீரத்தையும் பெயரின் பழமையையும் ஜனங்கள் நம்பியதே அக்கேட்டுக்கு இடங்கொடுத்தது. இத்துயரத்திலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது: வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலான பெரியோர் முயன்று 1907-ஆம் வருஷம் இந்தியன் வங்கியை நிறுவினர்.

பின்னாளில் தீபாவளிச் சீட்டு, பரிசுச் சீட்டு, அதிக வட்டி நிதி எனப் பல வேஷங்களில் அதே வஞ்சகம் உலவிற்று. பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடுக்க 1978-இலும், சீட்டு நடத்துவதை ஒழுங்குபடுத்த 1982-இலும் மத்திய சட்டங்கள் வந்தன. நிதிக் கம்பெனிகள் பல டெபாசிட்டைத் திருப்பித் தராது கைவிரித்தமையால், 1997-இல் நம் மாகாணத்துச் சட்டசபையும் டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது.

இக்காலத்துக்கு வருவோம். 2016-ஆம் வருஷம் யூ.பி.ஐ. முறை தோன்றியபின் பணம் கணப்பொழுதில் கைமாறுகிறது. வசதி பெரிது; ஆனால் பழைய தாமதம் ஒழிந்தது. பண்டிகைக் காலத்து அவசரமோ வஞ்சகனுக்குத் துணை செய்கிறது. ‘டிக்கெட் தீர்ந்துவிடும்’, ‘பாதி விலைப் பட்டுப்புடவை இன்றோடு சரி’, ‘தங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று அவன் துரிதப்படுத்துகிறான். அர்பத்நாட் காலத்தில் கட்டடத்தை நம்பினோம். இன்று வங்கியின் சின்னத்தையும் போலீஸ் உடுப்பையும் திரையிற் கண்டு நம்புகிறோம். ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லி மிரட்டுவோர் பெருகியமையால், 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 27-ந் தேதி, தீபாவளிக்குச் சில தினங்களுக்கு முன், பிரதம மந்திரியே வானொலியில் எச்சரித்தார். அப்படியொரு கைது எச்சட்டத்திலும் இல்லை.

ஆதலின், போன தாமதத்தை நாமே நம் வீட்டில் உண்டாக்கிக் கொள்ளல் வேண்டும். அவசரப்படுத்தும் எவருக்கும் அந்நேரமே பணம் அனுப்பற்க. வந்த எண்ணிலேயே விசாரியாமல், பாஸ்புத்தகத்திலோ கார்டின் பின்புறத்திலோ உள்ள வங்கி எண்ணில் விசாரிக்க. யூ.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுப்பதற்கே உரியது; பணம் பெறுவதற்கு அஃது ஒருபோதும் வேண்டுவதில்லை. அழைப்பிதழ், வாழ்த்து என்று வரும் புதுச் செயலிகளைக் கைப்பேசியில் ஏற்றற்க. வீட்டில் எவரும் கேட்டறியாத பார்சலுக்கு விலை கொடுக்கற்க. நம் சங்கத்தின் பெயரால் கல்வி நிதி, வைத்திய உதவி என்று செய்தி வரினும், காரியதரிசியுடன் நேரிற் பேசித் தெளிந்த பின்னரே கொடுக்க. நம்மவர் என்ற சொல்லையே வஞ்சகன் தூண்டிலாக்குவான்.

இவ்வளவுக்குப் பின்னும் மோசம் போனால், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். அச்செய்தி வங்கிகளுக்குப் போய், பணம் எக்கணக்கில் தங்கியிருக்கிறதோ அங்கே அதை நிறுத்த முயல்வர். 1898-ஆம் வருஷத்துச் சட்டம் கருதியதும் இதுவே. ஆனால் வஞ்சகன் எடுத்துவிட்ட பணத்தை நிறுத்த இயலாது. ஒவ்வொரு நிமிஷமும் விலையுள்ளது.

இங்கேதான் நம் சமூகத்தார் சிந்திக்கவேண்டிய விஷயம் உளது. ஏமாந்த முதியோர் பலர், மகன் கடிந்துகொள்வான், மருமகள் நகைப்பாள், ஊரார் ஏசுவர் என்றஞ்சி வாய்திறவாமல் இருக்கின்றனர். அந்த மௌனமே வஞ்சகனுக்கு நாம் அளிக்கும் அவகாசம். ஏமாற்றியவனுக்கே அவமானம், ஏமாந்தவர்க்கன்று. வெளியூரிலும் வெளிநாட்டிலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள், இப்பண்டிகைக்கு வீடு வரும்போது புத்தாடையோடு ஒரு வாக்கையும் பெற்றோர்க்குக் கொடுப்பார்களாக: “எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் கோபிக்கமாட்டோம்.” எச்சட்டமும் செய்யாத காவலை அவ்வாக்குச் செய்யும்.