ஒரு செக்கனில் அறுபது படங்கள்

மலைநாட்டிலே பூண்டுலோயாவிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் கணினி வைத்திருக்கும் வீடுகள் சில உண்டு. பெரும்பாலும் அது வேறொருவர் பாவித்துக் கைமாறிய பழைய பொறியாகவே இருக்கும். பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கிய அப்பொறியில், பாடம் முடிந்த மாலை வேளையில், விளையாட்டும் நடைபெறும். ஓடுகின்ற வீரன் திடீரென நின்று மறுபடியும் துள்ளுவான். திரும்புகின்ற வண்டி விட்டுவிட்டுத் திரும்பும். "எஃப்.பி.எஸ். போதாது, புதிய கிராபிக்ஸ் கார்ட் வேண்டும்" என்பான் பிள்ளை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது 2021ஆம் ஆண்டிலேதான். அத்தகைய வருவாயுடைய குடும்பத்துக்கு அவன் கேட்கும் பொருளின் விலை பல மாத உழைப்பாகும். அப்பணத்தைச் செலவிட்டுத்தான் ஆகவேண்டுமா? இக்கேள்விக்கு விடை கூற வல்லது, அசையும் படத்தின் வரலாறு.

எஃப்.பி.எஸ். என்பது ஒரு செக்கனில் திரையிலே தோன்றும் படங்களின் எண்ணிக்கை. திரையில் உண்மையில் அசைவு என ஒன்றில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருகின்றன. அவற்றை இணைத்து அசைவாகக் கொள்வது மனித மூளையே. இவ்வுண்மையை விளையாட்டுக் கருவியாக்கிக் காட்டியவர் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி ஜோசப் பிளாட்டோ. 1832ஆம் ஆண்டில் அவர் அமைத்த சுழலும் வட்டத்தகட்டிலே நடனமாடும் உருவங்கள் உயிர்பெற்றன. 1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டியபோது, செக்கனுக்கு ஏறக்குறையப் பதினாறு படங்கள் ஓடின. ஊமைப்படக் காலத்தில் இவ்வேகம் இடத்துக்கிடம் மாறியது. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்ததும் அத்தகைய தளர்வுக்கு இடமில்லாது போயிற்று. வேகம் மாறினால் நடிகரின் குரலும் மாறிவிடுமன்றோ? அப்போது நிலைபெற்ற எண் இருபத்துநான்கு.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. செக்கனுக்கு இருபத்துநான்கு முறை மட்டும் ஒளி விட்டுவிட்டு வந்தால் கண்ணுக்கு அது மினுமினுப்பாகத் தெரியும். படங்களின் தொகையை இரட்டித்தால் படச்சுருளின் செலவும் இரட்டிக்கும். எனவே படங்காட்டும் பொறியிலுள்ள மறைப்புத் தகடு ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டுமாறு அமைக்கப்பட்டது. படங்கள் இருபத்துநான்கே, ஒளி வருவதோ நாற்பத்தெட்டு முறை. மேலதிகச் செலவின்றிக் கண்ணுக்கு இதம் தந்த இச்சிக்கனமே, பின்வந்த வரலாறு முழுவதற்கும் முன்மாதிரி எனலாம்.

தொலைக்காட்சி வந்தபோது படங்களின் எண்ணிக்கையை மின்சாரம் நிர்ணயித்தது. மின்னோட்டம் செக்கனுக்கு ஐம்பது முறை அலையும் நாடுகளில் இருபத்தைந்து படங்களும், அறுபது முறை அலையும் அமெரிக்காவில் முப்பது படங்களும் அமைந்தன. 1936இல் லண்டன் மாநகரில் பி.பி.சி. நிறுவனம் ஒழுங்கான ஒளிபரப்பைத் தொடங்கியபோது, ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இருபாதியாகப் பிரித்து, செக்கனுக்கு ஐம்பது பாதிப்படங்களாக அனுப்பியது. இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி தொடங்கி, 1982இல் ரூபவாஹினி வந்தபோதும் இருபத்தைந்து என்ற கணக்கே பின்பற்றப்பட்டது. ஏனெனில் இந்நாட்டின் மின்னோட்டமும் ஐம்பது அலைகளைக் கொண்டது. தலவாக்கலையில் தேக்கிய நீரைக் கொண்டு 2012ஆம் ஆண்டு முதல் இயங்கும் மேல் கொத்மலை மின்நிலையம் தருவதும் அதே ஐம்பது அலை மின்சாரமே.

திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத ஓர் இடர்ப்பாடு கணினி விளையாட்டுக்கு உண்டு. திரைப்படத்தின் படங்கள் முன்னரே எடுக்கப்பட்டவை. விளையாட்டிலோ, ஆடுபவன் அடுத்த கணம் இடப்புறம் திரும்புவானா வலப்புறம் திரும்புவானா என்பதைப் பொறி அறியாது. அவன் விசையை அழுத்திய பின்னரே படத்தை வரையத் தொடங்கவேண்டும். செக்கனுக்கு அறுபது படங்கள் வேண்டுமாயின் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் பதினேழு மில்லிசெக்கனுக்கும் சற்றுக் குறைவு. இன்று பெருவழக்கிலுள்ள திரையில், குறுக்கே 1920, நெடுக்கே 1080 எனப் புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் இருபது இலட்சத்துக்கு மேல். இத்தனை புள்ளிகளுக்கும் நிறந்தீட்டி முடிக்கவேண்டிய தவணைதான் அந்தப் பதினேழு மில்லிசெக்கன்.

இத்தவணைக்குள் வேலையை முடிக்க முன்னோர் கையாண்ட வழி யாது? 1977இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அட்டாரி என்னும் வீட்டு விளையாட்டுப் பொறியின் நினைவகம் வெறும் 128 பைற்றுகளே. ஒரு முழுப்படத்தைச் சேமித்துவைக்க அதில் இடமில்லை. ஆகவே தொலைக்காட்சிக் குழாயில் மின்கதிர் வரிவரியாக ஓடும்போதே, அதனோடு சேர்ந்து ஓடி, அவ்வவ் வரிக்குரியதை அவ்வப்போதே ஆக்கிக் கொடுக்குமாறு கட்டளைகள் எழுதப்பட்டன. வறுமையிலும் செம்மை என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் காண்பதரிது.

1990ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதனினும் சுவையானது. ஜப்பானிய விளையாட்டுப் பொறிகளில் வீரன் ஓட ஓடப் பின்னணிக் காட்சி வழுக்கிச் செல்லும். அதற்கென அவற்றில் தனி மின்னுறுப்பு இருந்தது. அலுவலக வேலைக்கென்று பிறந்த ஐ.பி.எம். வகைக் கணினியில் அவ்வுறுப்பு இல்லை. எனவே அதில் அது இயலாதென்றே பலர் எண்ணினர். லூசியானா மாநிலத்தில் வேலைபார்த்த ஜோன் கார்மாக் என்னும் இருபது வயது இளைஞர் அதனை இயல்வித்தார். அவர் புதிய உறுப்பு எதனையும் பூட்டவில்லை. காட்சி நகரும்போது திரையின் பெரும்பகுதியில் பழைய நிறமே மீண்டும் வருகின்றது என்பதைக் கண்டார். வானம் நகர்ந்தாலும் வானம் நீலந்தானே! மாறாத கட்டங்களை விட்டுவிட்டு, மாறிய கட்டங்களை மாத்திரம் வரையச் செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த 'கமாண்டர் கீன்' என்னும் விளையாட்டு வழுக்கி ஓடியது.

அவரும் தோழர்களும் 1993 டிசம்பரில் வெளியிட்ட 'டூம்' என்னும் விளையாட்டிலும் இதே நெறியைக் காணலாம். கட்டிடத்தின் சுவர்களை முன்னதாகவே ஒரு மரக்கிளைபோல் வகுத்துவைக்கும் கணித முறையொன்றை மூன்று அறிஞர் 1980இல் வெளியிட்டிருந்தனர். அதனைக் கொண்டு, கண்ணுக்கு மறைந்த சுவர்களை வரையாமலே விடச்செய்தார் கார்மாக். அன்றியும், விளையாடுவோர் கையிலும் ஒரு சாவி கொடுக்கப்பட்டது. வேகம் போதாத கணினியை உடையவர்கள் காட்சிச் சாளரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், நுணுக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வேகமான பொறியிலும் செக்கனுக்கு முப்பத்தைந்து படங்களே அதன் எல்லை. எனினும் உலகெங்கும் இளைஞர் அதனைக் கொண்டாடினர்.

இதன் பின்னரே தனி உறுப்புகளின் காலம் பிறந்தது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்ட்டும், 1999இல் என்விடியா நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ் 256 கார்ட்டும் வந்தன. மையச் செயலி தனித்துச் சுமந்த பாரத்தைப் பங்கிட்டுக்கொண்ட இவற்றின் சிறப்பை மறுப்பார் இல்லை. ஆனால் இவற்றோடு, வேகம் என்பது கடையில் வாங்கப்படும் பொருள் என்ற எண்ணமும் வளர்ந்தது. கூடிய எண்ணே கூடிய பெருமை என்று விளம்பரங்கள் முழங்கின.

அவ்வெண்ணின் மயக்கத்தை 2011இல் வெளிப்படுத்தியவர் ஸ்கொட் வாசன் என்னும் அமெரிக்க எழுத்தாளர். சராசரியை மாத்திரம் பாராது, ஒவ்வொரு படத்துக்கும் சென்ற நேரத்தைத் தனித்தனியே அளக்கவேண்டும் என்றார் அவர். ஒரு செக்கனில் ஐம்பத்தொன்பது படங்கள் பதின்மூன்று மில்லிசெக்கன் வீதம் வந்து, எஞ்சிய ஒரு படம் 233 மில்லிசெக்கன் தாமதித்ததென வைத்துக்கொள்வோம். சராசரி அறுபது, கண் காண்பதோ கால் செக்கன் அளவு தடக்கம். தோட்டத்துப் பெண்களுக்கு இக்கணக்கை விளக்கவேண்டியதில்லை. கிழமைச் சராசரி நன்றாயிருப்பினும், கொழுந்து குறைந்த நாளில் அவர்களுக்கு விழுவது அரைப்பேர்தான். அந்த ஒரு நாளின் இழப்பைச் சராசரி மறைக்கும். சம்பளச் சீட்டு மறைக்காது.

மலைநாடும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. கொத்மலையில் 1989இல் தொடங்கிய சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் இணையத்தோடு இணைக்கப்பட்டது. நேயர்கள் கேட்ட வினாக்களுக்கு நிலையத்தார் கணினியில் விடை தேடி வானலையில் எடுத்துரைத்தனர். ஒரு கணினியின் பயனை ஊரே பகிர்ந்துகொண்ட காலம் அது. பின்னர்ச் சில வீடுகளிலும் கணினி நுழைந்தது. ஆயின் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், ஏறக்குறைய இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்றறுபது வரை உயர்ந்தது. இறக்குமதியாகும் கணினி உறுப்புகளின் விலையும் ஏறியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டும் இருந்தது. உள்ள பொறியைக் கொண்டு இயன்றதைச் செய்வது இந்நாட்டில் கலையாக மட்டுமன்றித் தேவையாகவும் ஆயிற்று.

அதற்கு வரலாறு காட்டும் முதற்படி, தடை எங்கே என்று அறிதல். விளையாட்டின் அமைப்புப் பகுதியில் திரையின் புள்ளிகளை 1280க்கு 720 எனக் குறைத்துப் பார்க்கவேண்டும். தீட்டவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அப்போது எஃப்.பி.எஸ். நன்கு உயர்ந்தால் தடை கிராபிக்ஸ் பகுதியில் உள்ளது. சிறிதும் உயராவிடின் தடை பெரும்பாலும் மையச் செயலியிலே உள்ளது. அந்நிலையில் எவ்வளவு விலைகொடுத்துப் புதிய கார்ட் வாங்கினாலும் பயன் சிறிதே. காசில்லாத இச்சோதனை ஒன்றே பல குடும்பங்களை வீண்செலவினின்று காக்கவல்லது.

இரண்டாவது, வெப்பம். சூடு மிகுந்தால் செயலி தன்னைக் காக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பூண்டுலோயாவின் குளிர்காற்று கணினிக்கு நன்மையே. ஆயின் லயக் காம்பராவில் விறகடுப்பின் புகைக்கரி தூசியோடு சேர்ந்து விசிறியிலும் அதன்கீழுள்ள உலோகத் தகடுகளிலும் படியும். மின்சாரத்தைத் துண்டித்து, மென்மையான தூரிகையால் அதனை அகற்றினாலே, விளையாடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் வேகம் தளரும் குறை பல பொறிகளில் நீங்கும். மடிக்கணினியாயின், பற்றரியில் ஓடும்போது வேகம் குறைக்கப்படுவது வழக்கமாதலால், மின்னிணைப்போடு விளையாடுவது நன்று.

மூன்றாவது, கார்மாக் காட்டிய வழி: வேண்டாத வேலையை விடுதல். நிழல்களின் நுணுக்கத்தைக் குறைத்தால் மிகுந்த வேகம் மீளும்; ஓட்டத்தில் அதனைக் கண் அதிகம் தேடாது. பின்னணியில் ஓடும் பிற செயலிகளை மூடவேண்டும். தனிக் கார்ட் இல்லாத கணினி, படம் வரைவதற்கும் பொது நினைவகத்தையே பாவிக்கின்றது. அதில் ஒற்றை ரேம் துண்டு இருக்குமிடத்து, அதற்கு இணையான இன்னொன்றைச் சேர்த்தால் பாதை இரட்டிக்கும். பணம் செலவிடவேண்டுமாயின், இத்தகைய பொறிக்கு முதலிற் செய்யத்தக்க செலவு அதுவே. ஏஎம்டி நிறுவனம் 2021இல் வெளியிட்ட எஃப்.எஸ்.ஆர். என்னும் முறை, குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகின்றது. பிற நிறுவனங்களின் பழைய கார்ட்டுகளிலும் அது இயங்குவது ஏழைகளுக்குப் பேருதவி. 2022 முதல் பரவிய வேறொரு முறை, இரு படங்களுக்கிடையே கற்பனையாக ஒரு படத்தைப் புகுத்துகின்றது. அதனால் காட்சி வழுக்கும்; ஆயினும் புகுத்திய படம் ஆடுபவனின் புதிய அழுத்தத்தை அறியாது. எண் உயர்ந்தது கொண்டு பொறி விரைந்து பதில்சொல்லும் என எண்ணலாகாது.

பிளாட்டோவின் தகடு முதல் இன்றைய கார்ட் வரை நோக்கின், ஒன்று தெளிவாகும். படம் வழுக்கி ஓடியதற்குக் காரணம் பெரும்பொறி மட்டுமன்று. செய்யவேண்டாத வேலை எது என்று முதலில் ஆராய்ந்த மதியும் காரணமாகும். அம்மதியைக் கடையில் வாங்க முடியாது. பழைய கணினியின் முன்னமர்ந்து, அளந்து, மாற்றி, மீண்டும் அளந்து பழகும் பிள்ளைக்கு அது தானே வந்து சேரும். பிற்காலத்தில் அவன் கணினித் தொழிலையே மேற்கொள்வானாயின், அவனுக்கு முதற்பாடம் புகட்டியது அந்தத் தடக்கமே என்பதை உணர்வான். பெற்றோர் செய்யத்தக்கது, அவன் கேட்டதும் பணத்தை எண்ணிக் கொடுப்பதுமன்று, விளையாட்டென்று வெறுத்து விலக்குவதுமன்று. தடை எங்கே என்று கண்டறிந்து வந்து சொல்லுமாறு அவனை முதலிற் கேட்பதேயாம்.