அம்பரில் பிறந்து மீனில் ஏறிய பெயர்

சொல்லின்பம் அறிந்தவர்களே, 'எலக்ட்ரிக்' என்னும் பெயரைச் சற்றே உரசிப் பாருங்கள். பழங்கால மரப்பிசின் மண்ணுள் புதைந்து இறுகிய அம்பரைக் கிரேக்கர் 'எலெக்ட்ரோன்' என்றனர். பொன்னும் வெள்ளியும் கலந்த வெளிறிய உலோகத்துக்கும் அப்பெயரையே வைத்தனர். ஹோமர் கதிரவனுக்குச் சூட்டிய 'எலெக்டோர்' என்னும் அடைமொழியையும் அருகில் வைத்தால், இவற்றுள் ஓடுவது ஒளிர்தற் பொருளே எனக் கொள்ள இடமுண்டு. தேய்த்த அம்பர் துரும்பை இழுப்பது கண்ட பாரசீகரோ அதற்குக் 'கஹ்ருபா', அதாவது 'வைக்கோல் கவர்வது', என்று பெயரிட்டனர். அதுவே அரபியில் 'கஹ்ரபா' ஆகி இன்று மின்சாரத்தைக் குறிக்கிறது. ஒருவர் ஒளிர்வைக் கண்டார், மற்றவர் செயலைக் கண்டார்; இரு பெயரும் ஒரே பொருளில் வந்து சேர்ந்ததை என்னென்பது!

1600-இல் வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கில மருத்துவர், காந்தம் பற்றிய தம் இலத்தீன் நூலில், தேய்த்தால் துரும்பிழுக்கும் கண்ணாடி, கந்தகம், அரக்கு முதலியவற்றை 'எலெக்ட்ரிகா', அம்பர் போன்றவை, என்று தொகுத்தார். 1646-இல் தாமஸ் பிரவுன் அதிலிருந்து 'எலக்ட்ரிசிட்டி'யை ஆங்கிலத்தில் ஆண்டார்.

அதிர்வூட்டும் மீனுக்கு இந்தப் பெயர் வரப் பின்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை தொட்டவர் உடல் பட்ட பாடே பெயராயிற்று. நடுநிலக்கடலின் அதிர்வூட்டும் திருக்கையைக் கிரேக்கர் 'நார்க்கே' என்றும் உரோமர் 'தோர்பேதோ' என்றும் அழைத்தனர். இரண்டும் மரத்துப்போதலைச் சொல்பவை. தென்னமெரிக்க ஆற்றுமீனை ஸ்பானியர் 'தெம்ப்ளதோர்', நடுங்கவைப்பது, என்றனர். 1766-இல் லின்னேயஸ் அதற்கு 'ஜிம்னோடஸ் எலக்ட்ரிகஸ்' என்று பெயரிட்டார். பிசினின் பெயர் ஆற்றுச் சேற்றில் நெளியும் உயிரின்மேல் ஏறியது இப்படித்தான். அதன் அதிர்விலிருந்து தீப்பொறி எழுவதை ஜான் வால்ஷ் இலண்டனில் காட்டியதோ 1770-களில்தான்.

நாம் அம்மீனை 'மின்விலாங்கு' என்கிறோம். விலாங்கைவிடக் கெளுத்திக்கே அது நெருங்கிய உறவு; ஆதலால் இப்பெயரின் பின்பாதி வடிவம் நோக்கியது. முன்பாதியோ மிக அழகியது: மின்னல், மின்மினி என விரியும் 'மின்'னும் ஒளிர்தற் பொருளதே, கிரேக்கச் சொல்லைப் போல. 'மீன்' என்பதும் அதே வேரினது என்பர் சொல்லாய்வாளர் சிலர். வானத்து மீனையும் நீரின் மீனையும் ஒரே சொல்லால் அழைக்கும் மொழியில் அக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

1800-இல் வோல்டா தாம் அடுக்கிய முதல் மின்கல அடுக்கைச் 'செயற்கை மின்னுறுப்பு' என்று இம்மீன்களை நினைந்தே அழைத்தார். 2019-இல் மின்விலாங்கு மூன்று இனமெனப் பிரித்தறியப்பட்டபோது, 860 வோல்ட் வரை அதிர்வூட்டும் இனத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது: எலக்ட்ரோபோரஸ் வோல்டாய்.