காசு கட்டாதவளின் வழக்கு

எம்.ரெட்டியபட்டியிலிருந்து பிரசவத்துக்குப் புறப்படும் பெண்ணின் முன்னால் இரண்டு வழிகள். தோட்டை அடகு வைக்க முடிந்தால் தனியார் மருத்துவமனை. முடியாவிட்டால் அரசு ஆஸ்பத்திரி. மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் விதைத்து, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் இந்தக் காட்டில் பலருக்கும் இரண்டாவதுதான் வாய்க்கிறது. அங்கே காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் சிகிச்சையில் தவறு நடந்தால் அவள் யாரிடம் போய்க் கேட்பது?

1963இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. பிறகு கருத்தடை அறுவையும் செய்தார்கள். வயிற்றுக்குள் ஒரு துண்டுத்துணியை வைத்தே தைத்துவிட்டார்கள். சில நாட்களில் அவள் இறந்தாள். கணவரும் பிள்ளைகளும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் 36,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம், அரசு பொறுப்பல்ல என்றது. அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996இல். அவள் செத்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கிடையே 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மருத்துவமும் அதற்குள் அடங்கும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. செலவு குறைந்த, விரைவான வழி ஒன்று திறந்தது. ஆனால் எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை அதே தீர்ப்பு விலக்கி வைத்தது. பதிவுக்கு வாங்கும் சிறு தொகை கட்டணமாகாது. மக்கள் கட்டும் வரியும் கட்டணமாகாது. கடையில் வாங்கிய சோப்புக்குக் கேள்வி கேட்க முடிந்த கூலிப்பெண், தன் வயிற்றைக் கிழித்த கத்திக்குக் கேட்க முடியாமல் போனாள்.

அவளுக்கு எஞ்சியது அரசியல் சாசனம். மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பின. 1996இல் அவர் வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அந்த உரிமையைக் கேட்டு ரிட் மனுப் போட நம் பக்கத்துப் பெண் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் செலவு, வக்கீல் செலவு, இழக்கும் கூலி, பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலை எல்லாம் சேர்ந்துதான் நீதியின் விலை. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தபோது அந்த விலை கொஞ்சம் குறைந்தது.

2018 டிசம்பரில் நம் விருதுநகர் மாவட்டமே அதிர்ந்தது. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்தது. வழக்கு மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஜூலையில் 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் வீடும் அரசு வேலையும் தர உத்தரவாயிற்று. 33 ஆண்டுகள் எட்டு மாதங்களுக்குள் சுருங்கின. அந்தப் பெண் நுகர்வோராக அல்ல, உயிர்வாழும் உரிமை உள்ளவளாக நின்று வென்றாள். ஆனால் நாடே பேசிய வழக்கு அது. பத்திரிகையில் வராத தவறுகளுக்கு இதே வேகம் கிடைக்குமா?

2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இன்னொரு வாய்ப்பைத் தருகிறது. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினால் அது இலவசச் சேவை ஆகாது என்று 1995 தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அட்டையில் சிகிச்சை பெற்றவளும் நுகர்வோரே என்று வாதிட அதில் இடமுண்டு.

எந்த வழக்குக்கும் காகிதம் வேண்டும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்தும் நம் அம்மாக்கள் டிஸ்சார்ஜ் சீட்டை அடுப்பங்கரையில் தொலைத்துவிடுகிறார்கள். அதையும் அதே டிரங்குப் பெட்டியில் வைக்கச் சொல்வோம்.